இடிக்கு வழி வகுத்த பெஞ்சமின் பிராங்கிளின்

மதுரையினின்றும் அருப்புக்கோட்டை செல்லும் பெருவழியிலே காரியாபட்டி என்னும் ஊர் உளது. சென்ற விடுமுறையில் அவ்வூர் மோட்டார்ப் பட்டறை ஒன்றின் முன், திருவிழா விளம்பரத்திற்கென ஒலிபெருக்கி பூட்டிய பிக்கப் வண்டி ஒன்று நிற்கக் கண்டோம். பாட்டுடன் கூடவே ஓர் இரைச்சலும் எழுந்தது. எஞ்சினை முடுக்குந்தோறும் அவ்விரைச்சலும் வீறிட்டது. வண்டிக்குடையவர் ஆம்ப்ளிபையர் கெட்டுவிட்டதெனக் கலங்கினார். பட்டறையின் எலக்ட்ரீஷியனோ அக்கருவியைத் தொட்டும் பார்த்திலர். கறுப்புக் கம்பி கோத்திருந்த திருகினைக் கழற்றி, அவ்விடத்து வண்ணப்பூச்சை வெள்ளிரும்பு தோன்றும்வரை உப்புத்தாளால் தேய்த்து, மெல்லிய நெடுங்கம்பியை நீக்கித் தடித்த குறுங்கம்பியொன்றை வைத்து இறுக முடுக்கினார். இரைச்சல் அடங்கிற்று. எர்த் சரியில்லை என்பதே அவர் கண்ட நோய்க்காரணம்.

நான்கு ரப்பர்ச் சக்கரங்களின்மேல் நிற்கும் வண்டிக்கு எர்த் ஏது என யாம் வியந்தோம். ஆண்டு எர்த் எனப்படுவது மண் அன்று. பாட்டரியின் கழித்தல் முனையோடு பிணைக்கப்பட்ட வண்டியின் இரும்புடலேயாம். கருவியினுட் சென்ற மின்சாரம் மீண்டு செல்லுதற்கு அவ்வுடலே வழி. வழி துருவாலோ வண்ணத்தாலோ தடைப்படின், வேறு கம்பிகளின் வாயிலாகத் திரும்ப முயன்று இரைச்சலை விளைக்கும். பெயர் மட்டும் மண்ணிலிருந்து வந்தது. அப்பெயர் எங்ஙனம் வந்தது எனத் தேடப் புகுந்த எமக்கு, பாட்டரியின் தலையிற் பொறித்த கூட்டல் கழித்தற் குறிகளும், கோபுரங்களின் உச்சியினின்று மண்ணுட் செல்லும் செம்புப் பட்டையும் ஒருவரையே சுட்டின. அவரே பெஞ்சமின் பிராங்கிளின். பட்டாசு செய்து பிழைக்கும் மாவட்டத்திற் பிறந்த எமக்கு அவர் வரலாறு பிறநாட்டுக் கதையாகத் தோன்றவில்லை.

அவர் 1706-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள், அக்காலை ஆங்கிலேயர்க்கு உட்பட்டிருந்த அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரிற் பிறந்தனர். தந்தையார் ஜோசையா என்பார் கொழுப்பினால் மெழுகுத்திரியும் சவர்க்காரமும் செய்து விற்பவர். மக்கள் பதினெழுவர், அவருள் நம்மவர் பதினைந்தாமவர், ஆண்மக்களுட் கடையர். பள்ளியிற் பயின்றது ஏறத்தாழ இரண்டாண்டே. பத்தாம் வயதில் தந்தையின் கடைக்குத் திரி வெட்டச் சென்றார். பன்னிரண்டாம் வயதில் தமையன் ஜேம்ஸ் என்பாரது அச்சகத்தில் தொழில் பயிலக் கட்டுண்டார். தமையனார் நடத்திய இதழுக்கு ஒரு கைம்பெண் எழுதுவது போலக் கட்டுரைகள் வரைந்து, எவரும் அறியாவண்ணம் இரவில் கதவிடுக்கில் நுழைத்துவிடுவாராம். அப்போது அகவை பதினாறு. தமையனாரின் அடி பொறாது 1723-இல் ஓடிப்போய்ப் பிலதெல்பியா நகரை அடைந்தார். கையிற் காசின்றி வந்த அவ்விளைஞர் இருபத்தைந்து ஆண்டுகட்குள் அந்நகரின் தலைசிறந்த அச்சகத்திற்கு உரிமையாளரானார். 1731-இல் உறுப்பினர் பணத்தால் நடைபெறும் நூல்நிலையம் ஒன்றையும், 1736-இல் தீயணைக்கும் சங்கம் ஒன்றையும் நிறுவினார். ஆண்டுதோறும் பஞ்சாங்கம் ஒன்று வெளியிட்டுப் பெரும்பொருள் ஈட்டினார். 1748-இல், நாற்பத்திரண்டாம் வயதில், அச்சுத் தொழிலைக் கூட்டாளி ஒருவர்பால் ஒப்புவித்து ஆராய்ச்சியிற் புகுந்தார். பொருள் போதும் என்று நிறுத்தத் தெரிந்தவர் உலகிற் சிலரே.

இலண்டன் வணிகர் பீட்டர் காலின்சன் என்பார் மேற்கூறிய நூல்நிலையத்திற்கு ஒரு கண்ணாடிக் குழலை அனுப்பியிருந்தார். அதனைத் துணியாலோ தோலாலோ தேய்த்தால் மின்சாரம் உண்டாகும். அந்நாளில் ஐரோப்பாவில் லைடன் நகரின் பெயரால் வழங்கிய ஜாடியும் தோன்றியிருந்தது; அதனுள் மின்சாரத்தைச் சேமித்து வைத்து விரும்பியபோது அதிர்ச்சியாக வெளியிடலாம். பலர்க்கு இது வேடிக்கை. பிராங்கிளினுக்கும் முதலில் அஃது அவ்வாறே இருந்தது. எனினும் அவர் வேடிக்கையை அளந்து பார்த்தார். மின்சாரம் இருவகைப்பட்ட பொருள் என்று பிறர் கருதிய காலத்தே, அஃது ஒன்றே என்றும், ஒரு பொருளில் மிகுவது கூட்டல், குறைவது கழித்தல் என்றும், தேய்ப்பதனால் புதிதாக உண்டாவது யாதுமில்லை, இடம் மாறுவதே உண்டு என்றும் துணிந்தார். வணிகர் வரவுசெலவு எழுதும் முறையே இது. எவ்வகை மின்சாரத்தைக் கூட்டல் எனலாம் என்பதில் அவர் கொண்ட தெரிவு, பின்னர் எலக்ட்ரான் கண்டறியப்பட்டபோது தலைகீழாயிற்று. கம்பியில் ஓடும் எலக்ட்ரான்கள் கழித்தற் பக்கத்தினின்றே புறப்படுகின்றன. ஆயினும் குறிகளை மாற்ற ஒருவரும் துணிந்திலர்.

1747-இல் அவர் செய்த ஒரு சிறு சோதனையை விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனில் எர்த் என்பதன் வித்து ஆண்டேயுளது. உலர்ந்த கண்ணாடிப் புட்டியின் வாயில் ஓர் இரும்புக் குண்டை வைத்தார். உத்தரத்தினின்று பட்டு நூலால் ஒரு தக்கையுருண்டையைத் தொங்கவிட்டு, அது குண்டின் பக்கத்தைத் தொடுமாறு செய்தார். குண்டிற்கு மின்சாரம் ஊட்டியதும் தக்கை விலகி நின்றது. அந்நிலையில் கூரிய ஊசி ஒன்றைக் கையிற் பிடித்துக் குண்டின் அருகே, ஆறெட்டு அங்குலத் தொலைவிற் காட்டினார். தக்கை உடனே குண்டினை வந்தடைந்தது. ஊசிமுனை மின்சாரத்தை ஓசையின்றி இழுத்துக்கொண்டது. இம்முனைகளின் ஆற்றலை முதலிற் கண்டவர் அவர்தம் நண்பர் தாமஸ் ஹாப்கின்சன். அதனை மறைத்திலர் பிராங்கிளின். அதன்பின் அவ்வூசியைப் பிடியினின்று கழற்றி ஓர் அரக்குக் கோலிற் செருகிக் காட்டினார். ஊசி அதுவே, கூர்மையும் அதுவே, தொலைவும் அதுவே, தக்கை அசையவில்லை. பின்னர் அரக்கின்மேல் விரலை மெல்ல நகர்த்தி ஊசியைத் தொட்டார். தொட்ட அக்கணமே தக்கை குண்டினிடத்துப் பாய்ந்தது.

விரல் செய்தது என்னை? ஊசி வாங்கிய மின்சாரம் செல்லுதற்கு உடல் வழியாகத் தரைக்கு ஒரு நெறி தந்தது. முனை எத்துணைக் கூரிதாயினும் அடியில் வழியில்லையேல் பயனில்லை. வண்ணப்பூச்சின்மேல் திருகிய கறுப்புக் கம்பியை யாம் இங்கு நினைத்துக்கொண்டோம்.

மின்னலும் இம்மின்சாரமே என அவர் ஐயுற்றார்; 1750-இல் அதனைத் தெளிதற்குரிய சோதனையொன்றை எழுதி இலண்டனுக்கு விடுத்தார். அவ்வாண்டு டிசம்பர் 23-ஆம் நாள் ஒரு வான்கோழியை மின்சாரத்தாற் கொன்று நண்பர்க்கு விருந்திட முயன்று, இரு பெரிய ஜாடிகளின் அதிர்ச்சியைத் தாமே வாங்கி உணர்விழந்தார். தாம் செய்த பிழையை ஒளியாது எழுதினார். தம்மைப் பற்றிய நகைப்பிற்கு அஞ்சாதவர். அவருடைய கடிதங்கள் 1751-இல் இலண்டனில் நூலாக அச்சேறின. பிரெஞ்சு நாட்டில் தாலிபார் என்பார் அந்நூலைக் கற்று, மார்லி என்னும் சிற்றூரில் நாற்பதடி உயர்ந்த இரும்புக் கோலை நாட்ட, 1752 மே 10-ஆம் நாள் இடிமுகிலினின்று மின்பொறி பெறப்பட்டது. அச்செய்தி கடல் கடந்து வருமுன்னரே, ஜூன் மாதத்தில், பிராங்கிளின் தம் மகன் வில்லியமுடன் பட்டம் விட்டார்.

அப்பட்டத்தைப் பற்றிப் பள்ளிப் புத்தகங்கள் காட்டும் படம் இரண்டிடத்தில் வழுவுடைத்து. உடனிருந்த மகன் சிறுபிள்ளையல்லன், இருபது வயது கடந்த இளைஞன். பட்டத்தின்மேல் இடியும் விழவில்லை. விழுந்திருப்பின் இவ்வரலாற்றை இத்துடன் முடித்திருப்போம். பட்டுக் கைக்குட்டையாற் செய்த பட்டத்தின் தலையில் கூரிய கம்பி. கீழே சணற் கயிறு. கயிற்றின் நுனியில் ஒரு திறவுகோல். கையிற் பிடிப்பதற்கு நனையாத பட்டு நாடா. முகிலின் மின்சாரம் நனைந்த கயிற்றின் வழியே இறங்க, கயிற்றின் இழைகள் மயிர்க்கூச்செறிந்தாற்போல விறைத்து நின்றன; திறவுகோலருகே விரற்கணுவை நீட்டப் பொறி பறந்தது. அதனைக் கொண்டு ஜாடியையும் நிரப்பினார். வானத்து மின்னலும் கண்ணாடிக் குழலின் மின்சாரமும் ஒன்றென்பது தெளிந்தது.

அவ்வாண்டு செப்டம்பரில் தம் வீட்டின்மேல் இரும்புக் கோல் ஒன்று நிறுவி, அதன் கம்பியைப் படிக்கட்டின் இடைவெளி வழியே இறக்கிக் கிணற்றுப் பம்பின் இரும்போடு பிணைத்தார். இடையே கம்பியை அறுத்து இரு நுனிகளிலும் மணி கட்டி, நடுவில் ஓர் உலோகக் குண்டைப் பட்டு நூலால் தொங்கவிட்டார். முகில் மின்சாரம் ஏந்தி வருந்தோறும் மணி ஒலிக்கும். மனைவியார் தெபோரா அம்மையார்க்கு அவ்வொலி பேரச்சம் விளைத்தது. பின்னர் இலண்டனிலிருந்த கணவர்க்கு அதனை எழுத, அவர் மணிக்கு மணி ஒரு கம்பியால் இணைத்துவிடுமாறு மறுமொழி விடுத்தார். அறுந்த வழி கூடிற்று, மணி ஓய்ந்தது. ஆராய்ச்சிக்கென அறுத்து வைத்த வழி, குடியிருப்போர்க்கு இடுக்கண் என்பதை அம்மையார் அச்சத்தால் உணர்ந்தாரோ என எண்ணுகின்றோம்.

அவ்வச்சம் பொய்யன்று என்பதை இரஷிய நாட்டின் பீட்டர்ஸ்பர்க்கு நகரம் கண்டது. ரிச்மன் என்னும் பேராசிரியர் தம் கூரையினின்று ஓர் அறைக்குள் கம்பியைக் கொணர்ந்து, நூலும் அளவுகோலும் கொண்ட கருவியால் முகிலின் மின்சாரத்தை அளந்து வந்தார். அளத்தல் பொருட்டு அக்கம்பி தரையோடு பிணைக்கப்பட்டிலது. 1753 ஆகஸ்டு 6-ஆம் நாள் இடியோசை கேட்டு வீட்டிற்கு விரைந்தார். படம் வரையும் சிற்பி சொகொலோவ் உடன் சென்றார். அளவைப் பார்க்கக் குனிந்தபோது நீலநிறத் தீயுருண்டை ஒன்று அவர் நெற்றியிற் பாய்ந்தது. சிற்பி மயங்கி வீழ்ந்து பிழைத்தார். பேராசிரியர் அவ்விடத்தே மாண்டார். வழி தேடி வந்த மின்னலுக்கு அவர் உடலே வழியாயிற்று. பிராங்கிளின் முதலில் எழுதிவிடுத்த சோதனைக் கோலும் இங்ஙனம் தரையினின்று பிரிக்கப்பட்டதே. அதனைச் செய்தோர் பலர் பிழைத்தமை நற்பேறு எனல் வேண்டும்.

இடிதாங்கியைப் பிராங்கிளின் தமக்கே உரிய உடைமையாக்கிக் கொண்டிலர். 1753-ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்திலேயே அதனை நாட்டும் முறையை ஏழை மக்களும் அறியுமாறு அச்சிட்டுவிட்டார். பின்னாளில் அம்முறையைத் திருத்தியபோது, அவர் கருத்து மேலும் மேலும் கோலின் அடியையே நோக்கிச் சென்றது. மண்ணின் ஈரமான பகுதியை எட்டும்வரை கோல் இறங்க வேண்டும். சுவரின் ஓரத்தே நேராக இறக்கிவிடாது, நிலத்தினுள்ளே ஆறெட்டடி தொலைவு வளைத்துச் சென்று மீண்டும் கீழே புதைக்க வேண்டும். அன்றேல் அடித்தளக் கற்கள் சிதறும் என்றெல்லாம் 1767-இல் எழுதி வைத்தார்.

கிறிஸ்தவ மாணவராகிய யாம் ஈண்டு ஒன்று சொல்லியாக வேண்டும். இடி கடவுளின் கையிலுள்ள தண்டம், அதனைத் தடுப்பது மனிதர்க்கு அடாது என நினைத்த திருச்சபையார் அந்நாளில் இருந்தனர். 1755-இல் பாஸ்டன் பகுதி நிலநடுக்கத்தால் அதிர்ந்தபோது, தாமஸ் பிரின்ஸ் என்னும் குருவானவர், கோல்கள் மின்சாரத்தை மண்ணுள் மிகுதியாக இறக்கியதே காரணமாகலாம் என்று எழுதினார். ஹார்வர்டுக் கல்லூரிப் பேராசிரியர் ஜான் வின்திராப் அதனை மறுத்தார். ஐரோப்பாவிலோ இடி வருங்கால் ஆலயமணி அடிப்பது வழக்கம். உயர்ந்த கோபுரத்தின்கீழ் நனைந்த கயிற்றைப் பிடித்து நின்ற மணியடிப்போர் பலர் அவ்வழக்கத்தால் உயிர் நீத்தனர். வழக்கு மன்றம்வரை சென்றதும் உண்டு: பிரெஞ்சு நாட்டின் செயிந்தோமர் ஊரில் ஒருவர் வீட்டின்மேல் வைத்த கோலை அகற்றுமாறு ஆணை பிறக்க, 1783-இல் அதனை மாற்றுவித்த இளம் வழக்கறிஞர் பின்னாளில் பிரெஞ்சுப் புரட்சியிற் பேர்பெற்ற ரோபெஸ்பியரே! இன்று எம் பக்கத்து ஆலயங்களில் சிலுவைக்கு அருகே இடிதாங்கி நிற்பதை எவரும் இறையச்சக் குறைவு என்று கூறார்.

இனி வெடிமருந்தின் கதைக்கு வருவோம். 1769-இல் இத்தாலி நாட்டின் பிரெஸ்சியா நகரில் வெடிமருந்து நிறைத்திருந்த இடத்தின்மேல் இடி விழ, நகரின் ஒரு பகுதி அழிந்து மக்கள் எண்ணிறந்தோர் மாண்டனர். இலண்டனுக்குக் கிழக்கே தேம்ஸ் ஆற்றங்கரையில் பர்பிளீட் என்னுமிடத்தில் ஆங்கில அரசின் பெரிய வெடிமருந்துக் கிடங்குகள் இருந்தன. அவற்றைக் காக்கும் வழியை 1772-இல் இராயல் சங்கத்தாரிடம் வினவினர். கேவண்டிஷ், வாட்சன், இராபர்ட்சன், வில்சன் என்பாருடன் பிராங்கிளினும் அக்குழுவில் அமர்ந்தார். அவர்கள் தந்த அறிக்கை எமக்கு மிகவும் இனித்தது. ஏனெனில் அது கிணற்றிலிருந்து தொடங்குகின்றது. கிடங்கின் ஒவ்வொரு முனையிலும், நான்கடி நீர் எக்காலும் நிற்கும்வரை சுண்ணப்பாறையைத் துளைத்துக் கிணறு வெட்டுக, நீரின் அடியினின்று ஈயக்குழாய் மேலெழுக, அதனோடு தடித்த இரும்புக் கோல் இணைந்து கூரைக்கு மேல் பத்தடி உயர்க, நுனி கூராகுக. முதலில் நீர், பின்னர் கோல், இறுதியில் நுனி என்னும் இம்முறையே அவருடைய அறிவின் முறை.

வில்சன் என்பார் மட்டும் ஒப்பாது, கூர்முனை இடியை வலிந்தழைக்கும், மொட்டைமுனையே தக்கது என்றார். 1777 மே 15-ஆம் நாள் பர்பிளீட்டில் அலுவலகக் கட்டடத்தை இடி தாக்கிச் சில செங்கற்களைப் பெயர்த்தது. அமெரிக்கர் அரசரை எதிர்த்துப் போர் செய்துகொண்டிருந்த நேரம் அது. கூர்முனை கலகக்காரர் முனை ஆயிற்று. மூன்றாம் ஜார்ஜ் அரசர் தம் மனைக்கு மொட்டைமுனை வைப்பித்தார். அரசியல் விஞ்ஞானத்திற் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதனினும் நகைப்பிற்குரிய சான்று யாம் கண்டிலோம். அதனினும் நகைப்பு யாதெனின், நியூ மெக்சிகோ மலைகளில் ஏழாண்டு நடந்து 2000-ஆம் ஆண்டளவில் வெளிவந்த ஆராய்ச்சி, சற்றே மழுங்கிய முனையே இடியை நன்கு ஏற்கின்றது எனக் காட்டியதாம். கூர்முனை முகிலின் மின்சாரத்தை ஓசையின்றி வடித்துவிடும் என்ற பிராங்கிளினின் நம்பிக்கையும் நிலைபெறவில்லை. தலைபற்றிய வழக்கில் அவர் தோற்றார். அடிபற்றிய வழக்கில் அவரை வென்றார் இன்றுவரை இலர்.

எஞ்சிய வாழ்வு அரசியல் வரலாற்று நூல்களில் விரிவாக உளது. யாம் விரைந்து கடக்கின்றோம். 1776-இல் விடுதலை அறிக்கையிற் கைச்சாத்திட்டார். 1778-இல் பிரெஞ்சு அரசின் துணையைப் பெற்றார். 1783-இல் பாரிஸ் உடன்படிக்கை செய்தார். 1787-இல் எண்பத்தொரு வயதில் நாட்டின் சட்ட அமைப்பு வகுத்த அவையில் அமர்ந்தார். குறைகளும் சிறியனவல்ல. 1764-இல் இலண்டன் சென்றவர் மனைவியார் 1774-இல் இறக்கும்வரை திரும்பிப் பார்த்திலர். அரசர் பக்கம் நின்ற மகன் வில்லியமை, உடன் பட்டம் விட்ட அம்மகனை, இறுதிவரை உளமார மன்னித்திலர். அடிமைகளை உடையவராயிருந்தார்; அச்சகத்து இதழில் அடிமை விற்பனை விளம்பரமும் அச்சிட்டார். முதுமையில் மனம் மாறி அடிமை ஒழிப்புச் சங்கத்திற்குத் தலைவராகி, இறப்பதற்கு இரு மாதம் முன், 1790 பிப்ரவரியில், அமெரிக்கப் பேரவைக்கு விண்ணப்பம் விடுத்தார். சமயத்தில் நற்செய்தியாளர் ஒயிட்பீல்டின் நண்பராயிருந்தும் அவர்தம் நம்பிக்கையை ஏற்றிலர். எம் ஆண்டவரின் தெய்வத்தன்மைபற்றித் தமக்கு ஐயமுண்டென இறுதியாண்டில் வெளிப்படையாகவே எழுதினார். இதனை யாம் மறைத்தல் நேர்மையன்று. அவர்பொருட்டு வருந்துவதோடு அமைகின்றோம்.

1790 ஏப்ரல் 17-ஆம் நாள் எண்பத்து நான்காம் வயதில் பிலதெல்பியாவில் இறந்தார். கிறிஸ்து ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் மனைவியாரின் அருகே அடக்கஞ் செய்யப்பட்டார். கல்லில் இருவர் பெயரும் ஆண்டுமே உள.

எம் மாவட்டத்தில் பட்டாசு ஆலைகளும் வெடிமருந்துக் கிடங்குகளும் இடிதாங்கியின்றி இயங்குதல் சட்டப்படி கூடாது. தரையோடு உள்ள தடை 10 ஓமுக்கு மேற்படலாகாது என்பது இந்திய நியமம். இடிமுகில் திரண்டால் வேலையை நிறுத்தி ஆட்களை வெளியேற்ற வேண்டும். மருந்து கலக்கும் அறையுட் புகுவோர் வாயிலில் தரையோடு பிணைத்த உலோகத் தகட்டைத் தொட்டுச் செல்லுதலும் உண்டு. உடலிற் சேர்ந்த சிறு மின்சாரம் அதன்வழி இறங்கிவிடும். அரக்கின்மேல் நகர்ந்த அவ்விரலே இது எனத் தோன்றிற்று எமக்கு. காரியாபட்டியை அடுத்த ஆவியூரில் 2024 மே முதல்நாள் கல்குவாரி வெடிமருந்துக் கிடங்கு வெடித்துத் தொழிலாளர் மாண்டனர். அஃது இடியால் நேர்ந்ததன்று எனினும், ஒரு பொறி என்பது யாது என்பதை அப்பக்கத்தார்க்கு எவரும் கற்பிக்க வேண்டா. ஊர் பேர் குறிக்காது இன்னுமொன்று சொல்லுகின்றோம்: ஓர் உயர்ந்த கட்டடத்தின் உச்சியில் இடிதாங்கி மிடுக்காக நிற்க, ஆளுயரத்திற்குக் கீழே செம்புப் பட்டையை எவரோ வெட்டி விற்றுவிட்டிருந்ததை யாமே கண்டோம். அண்ணாந்து பார்ப்போர்க்கு அது தெரியாது. கண்காணிப்பவரிடம் உரைத்தோம், கோல் மேலே இருக்கின்றதே என்றனர்.

எம் பக்கத்துக் கரிசல் மண் மழைநாளில் நீரைப் பிடித்துவைத்து மின்சாரத்தை இனிது ஏற்கும். கோடையிலோ பாளம் பாளமாக வெடித்துப் புதைத்த குழாயை விட்டு விலகும். ஆதலின் எர்த் குழியில் கரியும் உப்பும் இட்டு, வாயைத் திறந்து நீர் ஊற்றுவர். பிராங்கிளின் இறந்த ஏப்ரல் நடுவே எமக்குச் சித்திரை பிறந்து கோடையிடி முழங்குங் காலம். விடுமுறையிற் கண்ட அந்த எலக்ட்ரீஷியன், வண்டியை அனுப்பிவிட்டு, ஒரு குடம் நீர் எடுத்துப் பட்டறையின் பின்புறக் குழியை நோக்கிச் சென்றார்.